மேஸ்திரியின் மஞ்சள் அட்டை

பால்ட்ஸ் ரீனர் வாயிலிருந்து "மாட்டேன்" என்ற சொல் வந்து கேட்டவர்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. "சரி" என்பதும் அபூர்வம்தான். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று ரெகுலா கேட்டபோதுகூட (ஆமாம், அவள்தான் கேட்டாள், இவரை நம்பியிருந்தால் நடந்திருக்குமா?) அதையேதான் சொன்னார். முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது.

அன்று மே மாதத்து முதல் ஞாயிறு. சூரிக் நகரத்துக்கு அப்பால் மலைக்குள் இருக்கிற க்ளாருஸ் மாநிலத்தில் அன்றைக்குத்தான் ஜனங்கள் மைதானத்தில் வட்டமாகக் கூடி, ஆளாளுக்கு மஞ்சள் ஓட்டு அட்டையைத் தூக்கி, வருடத்துக்கான சட்டங்களைப் போட்டுக்கொள்வார்கள். பெட்டி, திரை, ரகசியம் ஒன்றும் கிடையாது. நீ எதற்குக் கை தூக்கினாய் என்பது உன் மாமியாருக்கும் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும், உனக்குச் சம்பளம் கொடுப்பவருக்கும் தெரியும். தைரியம் இருப்பவனுக்கு அது திருவிழா. பால்ட்ஸுக்கு அது பல்வலி.

ரெகுலா சமையலறையில் காபிப் பாத்திரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மதிப்புக்குரிய மாநிலத் தலைவரே, அன்பான குடிமக்களே..." நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "வேகமாப் பேசுறேனா?"

"இல்லையே."

"பொய். மூச்சு வாங்குது எனக்கே தெரியுது." காபியை ஊற்றி அவர் பக்கம் தள்ளினாள். "அட்டையை எடுத்துக்கிட்டியா?"

"ம்."

"எதுக்குத் தூக்குவேன்னு கேக்கக் கூடாதுன்னு ராத்திரியெல்லாம் வாயைக் கட்டி வெச்சிருந்தேன். முடியலை. என் தீர்மானத்துக்குத் தூக்குவியா, மாட்டியா?"

பால்ட்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவினார். மூலை முடுக்கு விடாமல் தடவினார். "பார்க்கலாம்" என்றார்.

"இரு, உன் கல்லறையில இதைத்தான் செதுக்கி வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ரெகுலா உடை மாற்றப் போய்விட்டாள்.

தீர்மானம் அவளுடையது. அந்த மாநிலத்தில் ஒற்றை ஆள் கையெழுத்துப் போட்டு ஒரு தீர்மானத்தை அனுப்பலாம். மைதானத்தில் அதை எடுத்தே ஆக வேண்டும். அவள் எழுதியது இரண்டே வரி. பெற்றோர் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற குழந்தைகள் காப்பகங்களை இனிமேல் மாநிலமே நடத்த வேண்டும், எந்தப் பிள்ளைக்கும் இடம் இல்லை என்று சொல்லக் கூடாது. செலவுக்குப் பெரும் சொத்து வைத்திருப்பவர்களின் வரியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். தீர்மானப் புத்தகம் வீடு வீடாக வந்தபோது, மாநில சபை அதன் கீழே "நிராகரிக்கப் பரிந்துரைக்கிறோம்" என்று அச்சடித்திருந்தது.

இதிலே கூத்து என்னவென்றால், ரெகுலாவே ஒரு காப்பகத்தின் பொறுப்பாளர். அந்தக் காப்பகத்தை நடத்துவது அவர்கள் கிராமத்துத் திரைச்சீலை ஆலையின் முதலாளி மெல்கியோர் ஏப்ளி. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் செலவு செய்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. பால்ட்ஸ் அதே ஆலையில் நெசவுப் பிரிவு மேஸ்திரி. ஆகக் குடும்பத்தில் இரண்டு பேரும் ஏப்ளி வீட்டுச் சோறு.

ஏப்ளியைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதானே தொந்தரவு! ஒன்பது வருடம் முன்பு ரெகுலா நோயில் விழுந்தபோது, ஐந்து மாதம், வாரா வாரம், தன் சொந்தக் காரை டிரைவரோடு அனுப்பி அவளைச் சூரிக் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். பால்ட்ஸ் அதை மறக்கவில்லை. ரெகுலாவும் மறக்கவில்லை. "நன்றி சொல்லிச் சொல்லி என் நாக்கே தேஞ்சு போச்சு" என்பாள். "அந்தக் கார் வந்தது நல்லது. வராம இருந்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு நெனைச்சாத்தான் பயமா இருக்கு. ஒருத்தர் மனசு நல்லா இருக்கிற நாள்ல நோவு வந்தாப் பொழைக்கலாம்னா அது என்ன ஊர்?"

புதன்கிழமை ஏப்ளி பால்ட்ஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் பெண்டாட்டி மேல எனக்குக் கோபம் இல்லை, பால்ட்ஸ். அதை முதல்ல சொல்லிடறேன்."

"சரிங்க, முதலாளி."

"வரி கட்ட நான் பயப்படுற ஆள் இல்லை. ஆனா யோசிச்சுப் பாரு. நான் குடுக்கிறப்போ அந்தப் பிள்ளைங்க பேரு எனக்குத் தெரியும். யாருக்கு இருமல், யாருக்குப் புதுத் தம்பி பொறந்திருக்கான், எல்லாம் தெரியும். அரசாங்கம் எங்கிட்டப் பிடுங்கிக் குடுத்தா அங்க மனுஷன் இருக்க மாட்டான், ஃபாரம்தான் இருக்கும். நான் மேடை ஏறிச் சொன்னா 'பணக்காரன் பணத்தைக் காப்பாத்தப் பேசுறான்'னு சொல்லுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க." நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினார். "நாலு வார்த்தைதான் எழுதியிருக்கேன். பேசுறியா?"

பால்ட்ஸுக்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போனால் ரெகுலா சொல்வதும் நியாயமாகப் படும். எதிரில் நிற்பவர் சொல்வதெல்லாம் நியாயமாகப் படுவது ஒரு வியாதி, மருந்து கிடையாது. "பார்க்கலாம், முதலாளி" என்று தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏப்ளி அதை "சரி" என்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டினார்.

ஆனால் அந்த அறையில் பால்ட்ஸ் தாள் வாங்கியது அது முதல் தடவை அல்ல. ஜனவரியிலும் ஒன்று வாங்கினார்.

நெசவுப் பிரிவில் இல்டா என்று ஒரு போர்த்துகல்காரி. ஆறு வருடமாகச் சாயங்கால ஷிப்ட். ஒருத்திக்கு நாலு தறி என்று இருந்தது ஆறு தறி ஆனபோது, இன்னொரு ஆள் போடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி, தன்னோடு ஐந்து பெண்களையும் கையெழுத்துப் போட வைத்தாள். ஏப்ளி கத்தவில்லை. "இவ்வளவு செஞ்சும் இப்படியா?" என்று மனம் நொந்துபோனார். கோபப்பட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். நொந்துபோன பணக்காரரை என்ன செய்வது? இரண்டு வாரம் கழித்து ஒட்டிய உறை ஒன்றைப் பால்ட்ஸிடம் கொடுத்து, "இல்டாகிட்ட குடுத்துடு. அவளோட பொண்ணுக்கு அடுத்த மாசத்திலேர்ந்து காப்பகத்தில் இடம் இல்லை. அந்த இடம் நம்ம ஆலையை மதிக்கிற யாருக்காவது போகட்டும்" என்றார்.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் பால்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டு போய்த் தறிக்குப் பக்கத்தில் நின்று கொடுத்தார். அவள் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். இப்போ நான் என்ன செய்யறது மேஸ்திரி, என்றாள். அவர் தறியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

பிப்ரவரியிலிருந்து இல்டா தன் மூன்று வயது மாரிஸாவை மூன்று வீடுகளில் மாற்றி மாற்றி விட்டுவிட்டு வேலைக்கு வருகிறாள். காப்பகத்துப் பட்டியலில் பிள்ளையின் பெயர் அடிக்கப்பட்டு வந்ததும் ரெகுலாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது. இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்து தீர்மானத்தை எழுதியது அப்போதுதான். தபாலில் வந்த கடிதம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோனது தன் புருஷன் என்பது அவளுக்குத் தெரியாது. நாலு மாதமாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு பால்ட்ஸ் அதைச் சொல்லவில்லை.

மைதானம் ஒன்பதரைக்கு நிறைந்துவிட்டது. வட்டமாகப் போட்ட மரப் படிகளில் ஜனங்கள் தோளோடு தோள் நின்றார்கள். நடுவில் மேடை, அதன் காலடியில் வழக்கம்போலச் சிறுபிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெற்கிலிருந்து வெதுவெதுப்பான மலைக்காற்று வீசியது. அந்தக் காற்று அடித்தால் பாதிப் பேருக்குத் தலைவலி, மீதிப் பேருக்குச் சண்டை மூடு. பால்ட்ஸ் வருடா வருடம் நிற்கிற இடத்தில் நின்றார். அது ஏப்ளியின் வலது பக்கம். கூட்டம் முடிந்ததும் மேஸ்திரி குடும்பம் முதலாளி வீட்டில் கன்றிறைச்சி சாஸேஜும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிடும். அதுவும் ஏப்ளியின் அப்பா காலத்து வழக்கம்.

ரெகுலா மேடைப் படிக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். ஓட்டுரிமை இல்லாதவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். இல்டா அங்கே நின்றாள். மாரிஸா மட்டும் கயிற்றுக்கு அடியில் புகுந்து உள்ளே வந்து, மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நாலாவது தீர்மானமாக அது வந்தது. மாநிலத் தலைவர் தன் பதவிக்கு அடையாளமான வாளின் மேல் கையை ஊன்றி, யார் பேச விரும்புகிறீர்கள் என்று கேட்டார். முதலில் ஏறியவர் மேல்மலையில் மாடு வைத்திருக்கிற ஹைரி எல்மர்.

"இன்னிக்குக் காப்பகம்னுவாங்க. நாளைக்கு, ஹைரி, உங்கிட்ட நாப்பது மாடு இருக்கே, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட ரெண்டுதானே இருக்குன்னுவாங்க" என்று ஆரம்பித்தார். "எங்கம்மா ஏழு பேரை வளர்த்தா. எந்த அரசாங்கம் வந்து தொட்டில் ஆட்டிச்சு? வரியை ஏத்துங்க, ஏத்துங்க! பணக்காரனெல்லாம் மலையைத் தாண்டி வரி கம்மியான ஷ்வீஸ் மாநிலத்துப் பக்கம் குடிபோயிடுவான். அப்புறம் யாருகிட்ட வாங்குவீங்க, என் மாட்டுகிட்டயா?"

"போறவங்க ஏரியைப் பார்த்துக் கட்டின வீட்டையெல்லாம் நமக்கு விட்டுட்டுப் போகட்டும்" என்று பால்ட்ஸுக்குப் பின்னால் தபால்காரர் முணுமுணுத்தார். "பால் மானியம் வாங்குறப்போ மட்டும் இவருக்கு அரசாங்கம் இனிக்குது" என்றாள் அவர் பெண்டாட்டி.

அடுத்து ஒரு இளம் ஆசிரியை ஏறினாள். சொத்துக் குவிப்பு, சமூக நீதி, மறுபங்கீடு, கட்டமைப்பு மாற்றம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைப்போல் சொன்னாள். சொன்னது அத்தனையும் சரி. "பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா யாரோட பேசுது?" என்றார் தபால்காரர்.

பிறகு ரெகுலா. சமையலறையில் வாங்கிய மூச்சு இங்கே வாங்கவில்லை.

"எங்க காப்பகத்துல முப்பத்திரண்டு பிள்ளைங்க. கிறிஸ்துமஸ் வந்தா முப்பத்திரண்டு பேரையும் வரிசையா ஒரு வீட்டுப் படிக்கட்டுல நிறுத்திப் பாட வைக்கிறேன். பாடி முடிச்சதும் ஆளுக்கொரு இனிப்பு ரொட்டி. ஒவ்வொண்ணும் கை குடுத்து நன்றி சொல்லணும். மூணு வயசுப் பிள்ளைங்க! சொல்ல மறந்தா முதுகுல லேசாத் தட்டுறவ நான்தான். இருபத்திரண்டு வருஷமாத் தட்டுறேன். நாம படிச்ச பள்ளிக்கூடத்துக்கு யார் வீட்டு வாசல்ல போய் நின்னு பாடினோம்? இங்க வர்ற ரோட்டுக்கு யாருக்குக் கை குடுத்தோம்? நல்ல மனுஷன் குடுக்கிறது நல்லதுதான். நானும் வாங்கியிருக்கேன், அதை இங்கயே சொல்றேன். ஆனா குடுக்கிற கைக்கு எடுத்துக்கவும் தெரியும். இந்த ஜனவரியில ஒரு பிள்ளையோட இடம் போச்சு. ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியும். என்னால நிரூபிக்க முடியாது. அதனால சொல்லப் போறதில்லை. பிள்ளைங்க யாருக்கும் கடமைப்படாம விளையாடட்டும். அவ்வளவுதான்."

மைதானம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. அந்த ஜனங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த மௌனம் என்னவென்று தெரியும். ஓட்டெடுப்பு அந்த நொடியில் நடந்திருந்தால் ரெகுலா ஜெயித்திருப்பாள்.

ஏப்ளிக்கும் அது தெரிந்தது. முழங்கையால் பால்ட்ஸை மெதுவாக இடித்தார். "இப்போ போ."

போகாமல் இருந்திருக்கலாம். கால் வலிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து வருடமாக அந்தக் குரல் "போ" என்றால் கால் தானாகப் போகும். பால்ட்ஸ் படியிறங்கி, பிள்ளைகளைத் தாண்டி, மேடை ஏறினார். ரெகுலாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தனக்காகத்தான் ஏறுகிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

மேலே நின்று பார்த்தால் தலைகள், தலைகள், ஆயிரக்கணக்கில். ஏப்ளியின் தாள் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துப் படித்தால் ரெகுலா போய்விடுவாள். ஜனவரிக் கடிதத்தைச் சொன்னால் ஏப்ளி போய்விடுவார். சொன்னால் போதும், நிரூபணம் பால்ட்ஸேதான். அவர் கையால் கொடுத்த கடிதம். கீழே மாரிஸா ஒற்றை ஷூவோடு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"மதிப்புக்குரிய மாநிலத் தலைவரே, அன்பான குடிமக்களே" என்றார். "இது நல்ல யோசனைதான். எதிர்க்கிறவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அவசரப்பட வேணாம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு வருஷம் தள்ளி வைக்கணும்னு கேட்டுக்கிறேன்."

மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. தள்ளி வைப்பது அங்கே சட்டப்படி செல்லுபடியான வழி. பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம், இல்லை என்று தூக்குவதைவிட இது எவ்வளவு சௌகரியம்! பால்ட்ஸ் ஒருவர்தான் அப்படிப்பட்டவர் என்று இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தோமே, ஊரில் பாதிப் பேர் பால்ட்ஸ்தான். தூரத்தில் ஏப்ளி புன்னகையோடு தலையை ஆட்டினார். தான் எழுதிக் கொடுத்ததைவிட இது கெட்டிக்காரத்தனம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இறங்கும்போது ரெகுலா படிக்கட்டின் கீழே நின்றாள்.

"ஒரு வருஷமா?" என்றாள். "இன்னிக்கு நிறைவேறினா இந்த ஆகஸ்ட்டுல மாரிஸாவுக்கு இடம். தள்ளிப் போட்டா அடுத்த ஆகஸ்ட். அப்போ அவளுக்கு நாலு வயசு முடிஞ்சு மழலைப் பள்ளிக்கே போயிருப்பா. இந்த ஒரு வருஷம்தான் அவளுக்கு வேணும், பால்ட்ஸ். நீ தள்ளி வெச்சது அதைத்தான்."

அவர் தன் இடத்துக்குப் போனார். "சபாஷ்" என்றார் ஏப்ளி.

தள்ளி வைப்பதற்குத்தான் முதல் ஓட்டு. அட்டைகள் எழும்பின. பால்ட்ஸும் தூக்கினார், தன் கோரிக்கை அல்லவா? பிறகு எதிர்ப்பவர்கள் தூக்கினார்கள். மாநிலத் தலைவர் இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டினார், வலமிருந்து இடமாக ஓட்டினார். அங்கே யாரும் எண்ணுவது கிடையாது. அவர் கண்தான் தராசு. "எனக்குத் தெளிவாகவில்லை. இன்னொரு முறை" என்றார்.

அந்த இடைவெளியில் பால்ட்ஸ் கயிற்றுப் பக்கம் பார்த்துத் தொலைத்தார். இல்டா மேடையைப் பார்க்கவில்லை, மாநிலத் தலைவரைப் பார்க்கவில்லை. ஜனவரியில் தறிக்குப் பக்கத்தில் பார்த்த மாதிரியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை, பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை. பால்ட்ஸுக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டாம், வெட்கம்தான். காது மடல் வரைக்கும் சுட்டது.

"தள்ளி வைக்க விரும்புகிறவர்கள்!"

அட்டைகள் மறுபடி எழும்பின. பால்ட்ஸின் கை தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"பால்ட்ஸ், தூக்கு" என்றார் ஏப்ளி, உதடு அசையாமல்.

"மாட்டேன், முதலாளி."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார். பழக்கமில்லாத சொல், அளவு தெரியாமல் சத்தமாக வந்துவிட்டது. மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது.

"அடேய், தள்ளி வைக்கச் சொன்ன ஆளே தூக்கலைடா!" என்றார் தபால்காரர். சிரிப்பு அவரிடமிருந்து பக்கத்துக்குப் போயிற்று, அங்கிருந்து மேல்படிக்குப் போயிற்று. சிரித்தவர்களில் பலர் அட்டையை இறக்கினார்கள். தள்ளி வைக்கும் கோரிக்கை விழுந்துவிட்டது.

இனி ஆமாமா, இல்லையா? ஆமாம் என்பதற்கு பால்ட்ஸ் அட்டையைத் தூக்கினார். ஏப்ளியின் தோள் உரச, நேராகத் தூக்கினார். நெசவுப் பிரிவில் அவருக்குக் கீழே வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஆனால் பெருமூச்சு விட்ட கூட்டம் பெருமூச்சு விட்டதுதான். ஒரு தடவை சந்தேகம் நாக்கில் பட்டுவிட்டால் அப்புறம் துணிச்சல் எங்கிருந்து வரும்? இந்தத் தடவை மாநிலத் தலைவர் மற்ற நாலு அமைச்சர்களைக் கூப்பிட்டுக் கலந்து பேசினார். பிறகு வாளைப் பிடித்துக்கொண்டு, தீர்மானம் நிராகரிக்கப்பட்டது என்றார்.

கூட்டம் கலைந்தபோது ஏப்ளி அட்டையை மடித்துப் பர்ஸில் வைத்தார். "உன் பெண்டாட்டி எதிர்ல நின்னு பேசினா. அவளை எனக்குப் புரியுது" என்றார். "நீ இன்னிக்கு மூணு பக்கமும் நின்னே. உன்னை என்னன்னு எடுத்துக்கறது?"

பால்ட்ஸ் நாலாக மடித்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார். "ஜனவரியில குடுத்தீங்களே ஒண்ணு, அதையும் நான் அன்னிக்கே இப்படித் திருப்பிக் குடுத்திருக்கணும், முதலாளி."

ஏப்ளியின் முகம் சிவந்தது. சாப்பிட வா என்றுகூடச் சொல்லாமல் நடந்தார்.

ரெகுலா கயிற்றுக்குப் பக்கத்தில் மாரிஸாவுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். இல்டா பக்கத்தில் நின்றாள். பால்ட்ஸ் வந்ததும் ரெகுலா நிமிரவில்லை.

"நீ கை தூக்கினதைப் பார்த்தேன்" என்றாள். "சந்தோஷம்தான். ஆனா நீ மேடை ஏறாம சும்மா நின்னிருந்தா நாம ஜெயிச்சிருப்போம். அது உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"தெரிஞ்சு?"

"இன்னொண்ணும் இருக்கு." பால்ட்ஸ் தொப்பியைக் கழற்றினார். "ஜனவரியில அந்தக் கடிதம் தபால்ல வரலை, ரெகுலா. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். உள்ள என்ன இருக்குன்னும் தெரியும். ஏன்னும் தெரியும். நிரூபிக்க முடியாதுன்னு மேல நின்னு சொன்னியே, அந்த நிரூபணம் உன் பக்கத்துலதான் படுத்துக்கிட்டிருந்தது."

ரெகுலாவின் கை ஷூ நாடாவில் அப்படியே நின்றுவிட்டது. அவள் அழுது அவர் இதற்கு முன் பார்த்தது ஆஸ்பத்திரி நாட்களில்தான். இப்போது அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

இல்டாதான் பேசினாள். "எனக்கு இது புதுசா, மேஸ்திரி? குடுத்தது நீங்கதானே, எனக்குத் தெரியாதா? என்ன செய்யறதுன்னு கேட்டேன். 'பார்க்கலாம்'னு சொன்னீங்க. நாலு மாசமா நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பால்ட்ஸுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "அடுத்த மே மாசம் நான் மேல ஏறி அந்தக் கடிதத்தைப் பத்திச் சொல்றேன். என் பேரு சொல்லி, அவர் பேரு சொல்லிச் சொல்றேன்."

"அதுவரைக்கும்? மூணாவது வீட்டம்மாவும் நேத்து முடியாதுன்னுட்டாங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட். இவளை எங்க விடறது?"

பழைய சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கினார்.

"எங்கிட்ட விடு. எனக்குக் காலை ஷிப்ட், ரெண்டுக்கு முடிஞ்சிடும். கேட்லயே வாங்கிக்கறேன். வேலையை விட்டு எடுத்துட்டாருன்னா இன்னும் வசதி, காலையிலேர்ந்தே பார்த்துக்கறேன்."

"உங்களுக்குப் பிள்ளை தூக்கத் தெரியுமா?" என்றாள் இல்டா.

"கத்துக்கறேன்."

ரெகுலா எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "நல்லா இருக்கு" என்றாள். "இதுவும் தர்மம்தான், பால்ட்ஸ். உன் முதலாளி செய்யற அதே தர்மம். நாளைக்கு உனக்கு இவ மேல ஒரு மனத்தாங்கல் வந்தா? உனக்கும் இந்தப் பிள்ளை கிறிஸ்துமஸுக்கு வந்து பாடணுமா?"

மேடையைச் சுற்றிப் படிகளைக் கழற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"தர்மம்தான்" என்றார் பால்ட்ஸ். "அதனாலதான் ஒரு வருஷத்துக்கு மட்டும்னு சொல்றேன். அதுக்குள்ள நீயும் நானும் வீடு வீடாப் போய்ச் சட்டமா ஆக்கணும். அப்புறமும் யாராவது வந்து இதைத் தர்மமாக் கேட்டா, மாட்டேன்னு சொல்லிடுவேன்."

இரண்டாவது தடவை சொன்னபோது அந்தச் சொல் சரியான அளவில் வந்தது. ரெகுலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அதற்கு நாளாகும், ஆகட்டும். மாரிஸாவைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"தலையைப் பிடிக்க வேணாம், அதென்ன பச்சைக் குழந்தையா? இடுப்புல வை" என்றாள். "வா, எனக்குப் பசிக்குது."

சாலையோரக் கடையில் நாலு பேரும் சாஸேஜ் வாங்கி, மர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாரிஸா பால்ட்ஸின் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, வேடிக்கையாகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். யாரும் அவளை இறக்கச் சொல்லவில்லை.